அக்கிக்கு இல்லாத வெட்கம்

உதட்டோரத்தில் நாலு கொப்புளம் வந்தால் நம்ம வீடுகளில் யாரும் பதறுவதில்லை. “ராத்திரி பல்லி எச்சம் பட்டிருக்கும்” என்பார் ஒருத்தர். “உள்காய்ச்சல்” என்பார் இன்னொருத்தர். விலாவிலோ முதுகிலோ வரிசையாகக் கொப்புளம் எழும்பினால் அதற்கு அழகான பேரே உண்டு: அக்கி. தமிழ்நாட்டுக் கிராமங்களில் குயவர் வீட்டுக்குப் போய், காவியைக் குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வருவார்கள். காவி பூசின முதுகோடு தெருவில் நடந்து வருவதில் யாருக்கும் கூச்சம் கிடையாது.

அதே மாதிரிக் கொப்புளம் இடுப்புக்குக் கீழே வந்தால்? பேச்சு அங்கேயே நின்று போகும். பல்லியைக் குற்றம் சொல்ல ஏலாது. அம்மாவிடம் காட்ட ஏலாது. நடுராத்திரி போனில் தேடிப் பார்த்து, படங்களைக் கண்டு பயந்து, “என் வாழ்க்கை முடிஞ்சுது” என்று முடிவு பண்ணிக்கொள்கிறவர்கள் கலஹாவிலும் இருக்கிறார்கள், கண்டியிலும் இருக்கிறார்கள்.

உதட்டில் வருவது பெரும்பாலும் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் முதல் வகை. பிறப்புறுப்பில் வருவது இரண்டாம் வகை, அல்லது அதே முதல் வகை. விலாவில் வரும் அக்கி, சின்னம்மை வைரஸின் வேலை. மூன்றும் ஒரே குடும்பம். ‘ஹெர்பீஸ்’ என்ற பேருக்குக் கிரேக்க மொழியில் ஊர்ந்து போவது என்றுதான் அர்த்தம். இந்த மூன்றில் ஒன்றுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வெட்கம்? வைரஸை நுண்ணோக்கியில் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. வரலாற்றைத்தான் பார்க்க வேண்டும். வைரஸ் மனுசனை விடப் பழசு. இரண்டாம் வகை சுமார் 16 லட்சம் வருசத்துக்கு முன்னால், சிம்பன்சிகளின் மூதாதையரிடமிருந்து நம் மூதாதையருக்குத் தாவியது என்று 2014இல் வந்த மரபணு ஆய்வொன்று கணக்குப் போட்டது. வெட்கத்துக்கு அவ்வளவு வயசு இல்லை. அது எப்போ எப்போ கூடிச்சு என்று ஓரளவுக்குத் தேதி போட்டே சொல்லலாம்.

முதலில் பேர்களைப் பார்ப்போம். ஒரு சமூகம் ஒரு நோயை யார் தலையில் கட்டுது என்பது பேரிலேயே தெரியும். சித்த வைத்தியத்தில் மேகம், வெட்டை, கிரந்தி என்ற பேர்கள் இருக்கின்றன. உடம்புச் சூட்டையும் புண்ணையும் வைத்து வந்த பேர்கள் இவை. பிறகு போர்த்துக்கீசர் வருகிறார்கள், தமிழில் ‘பறங்கிப் புண்’ வருகிறது. அதாவது சிபிலிஸ், வெள்ளைக்காரன் கொண்டு வந்த புண். அதற்குக் கொடுத்த மருந்துக்கும் பறங்கிப்பட்டை என்றே பேர்.

இலங்கையில் இந்தப் பேர் இன்னொரு வழியில் போனது. சிங்களத்தில் ‘பரங்கி’ என்றால் யாஸ் என்ற தோல் நோய். கிராமத்துப் பிள்ளைகளுக்குத்தான் கூட வரும், உடலுறவால் பரவுவதில்லை. ஆனாலும் பேர் பறங்கிதான். 1881இல் காலனி அரசின் தலைமை மருத்துவ அதிகாரி கின்ஸி இதைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். 1905இல் கொழும்பில் வேலை செய்த இத்தாலிய மருத்துவர் அல்டோ காஸ்டெல்லானி, யாஸின் கிருமியைக் கண்டுபிடித்தார். அதே 1905இல்தான் பெர்லினில் சிபிலிஸின் கிருமியையும் கண்டுபிடித்தார்கள். இரண்டு கிருமிகளும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாத அளவுக்கு நெருங்கின சொந்தம். ஆனால் ஒன்று ஏழைப் பிள்ளையின் நோய், பரிதாபத்துக்கு உரியது. மற்றது ‘கெட்ட’ நோய். அக்கிக்கும் பாலுறுப்பு ஹெர்பீஸுக்கும் நடுவில் நடந்த அதே கதைதான்.

இதையெல்லாம் தாண்டி நம்ம பேச்சுத் தமிழில் ஒரு பேர் இருக்கிறது: ‘பொம்பளை சீக்கு’. நோய் ஆம்பளைக்கு வந்திருக்கும், பேர் மட்டும் பொம்பளைக்கு. எனக்குத் தெரிந்து இதைவிடச் சுருக்கமாகப் பழி போட்ட சொல் தமிழில் இல்லை.

இப்போ கலஹாவுக்கு வருவோம். பேராதனைப் பல்கலைக்கழகப் பக்கம் படித்தவர்களுக்குக் கலஹா சந்தி தெரியும். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு நடுவால் போகிற வீதி, ஹிந்தகலையைத் தாண்டி மலையேறிக் கலஹாவுக்குப் போகும். இன்னும் மேலே போனால் தெல்தோட்டை, லூல்கந்துர. லூல்கந்துரவில்தான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். சுற்றுலாக்காரர்கள் இன்றைக்கும் அவர் உட்கார்ந்த கல்லைத் தேடிப் போகிறார்கள். இலங்கைத் தேயிலை என்றால் 1867 என்று பள்ளிப் பிள்ளைகளுக்கே பாடம்.

அதே 1867இல் இலங்கையில் இன்னொன்றும் நடந்தது. அதற்குக் கல்லும் இல்லை, பாடமும் இல்லை. அந்த வருசம்தான் தொற்று நோய்கள் கட்டளைச் சட்டம் வந்தது. பேரைப் பார்த்துக் கொலரா, அம்மை பற்றிய சட்டம் என்று நினைக்க வேண்டாம். இங்கே ‘தொற்று நோய்’ என்பது பாலியல் நோய். பிரிட்டனில் 1864இல் தொடங்கிய சட்டத்தைப் பேரரசு முழுக்கப் பரப்பினார்கள். இந்தியாவுக்கு 1868இல் போனது. வெள்ளைச் சிப்பாய்களும் மாலுமிகளும் பாலியல் நோயால் படுத்துக்கொள்கிறார்கள், படையின் வேலை கெடுகிறது என்பதுதான் காரணம். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு: பாலியல் தொழில் செய்கிறாள் என்று சந்தேகப்படுகிற பெண்ணைப் பதிவு செய்வது, கட்டாயமாகப் பரிசோதிப்பது, நோய் இருந்தால் ‘லொக் ஹொஸ்பிட்டல்’ என்ற பூட்டிய ஆஸ்பத்திரியில் அடைப்பது. ஆண்களுக்கு அந்தப் பரிசோதனை கிடையாது. தொற்று இரண்டு பேருக்கு நடுவில் நடப்பது. சட்டம் ஒருத்தரைத்தான் பார்த்தது.

பிரிட்டனில் ஜோசபின் பட்லர் போன்ற பெண்கள் பல வருசம் போராடி 1886இல் அங்கே அந்தச் சட்டத்தை ஒழித்தார்கள். காலனிகளிலும் பிறகு அது போனது. போகாமல் நின்றது அந்தப் பார்வை: பாலியல் நோய் என்றால் பெண்ணின் குற்றம், போலீஸ்காரன் பார்க்க வேண்டிய விசயம். ‘பொம்பளை சீக்கு’ என்ற சொல் தமிழில் எப்போ பிறந்தது என்ற கேள்வி ஒருபக்கம் இருக்கட்டும். அதே எண்ணத்துக்குச் சட்டத்தின் முத்திரை விழுந்த வருசம் எங்க தேயிலைக்கும் பிறந்த வருசம்.

தோட்டத்துக்குள் நிலைமை வேறு மாதிரி. கண்டிச் சீமைக்கு வந்த ஆட்களின் உடம்பு துரைக்கு வேண்டியது உழைப்புக்காக. 1872இல் குடியேறிய தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. பிற்காலத்தில் மண்டபம் முகாமில் ஆட்களை நிறுத்தி வைத்து, பரிசோதித்து, அம்மை குத்தித்தான் கப்பலேற்றினார்கள். 1910களில் ரொக்ஃபெல்லர் அமைப்பு கொக்கிப் புழுவுக்கு எதிராகத் தோட்டங்களில் இயக்கம் நடத்தியது. எதையெல்லாம் எண்ணினார்கள் என்று பாருங்கள்: கொலரா, அம்மை, கொக்கிப் புழு. ஆளைக் கொல்கிற நோய், அல்லது கொழுந்து நிறுவையைக் குறைக்கிற நோய். வந்து, பத்து இருபது நாள் எரிந்து, தானாகப் போய், திரும்பவும் வருகிற கொப்புளத்தை யார் கணக்கில் எடுப்பது? காலையில் பெரட்டுக்கு வந்தாளா, அது போதும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் குடும்பமே படுத்தெழும்புகிற இடத்தில், தன் உடம்பைத் தனியாகப் பார்த்துக்கொள்ளக்கூட ஒரு பெண்ணுக்கு மறைவு இல்லை. பெரிய நாட்குறிப்புகள் எழுதிய துரைமார் இதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

மருத்துவ உலகமும் கனகாலம் இதைச் சின்ன விசயமாகத்தான் வைத்திருந்தது. 1736இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் அஸ்த்ரூக் பிறப்புறுப்பு ஹெர்பீஸை விவரித்து எழுதினார். 1886இல் டிடே, டொயோன் என்ற இரண்டு பேர் தனிப் புத்தகமே போட்டார்கள். ஆனாலும் சிபிலிஸும் கொனோரியாவும் முன்னால் நின்றபடியால் இது பின்னால் மறைந்தது. பெனிசிலின் வந்து அந்த இரண்டையும் அடக்கின பிறகுதான் இதன் பக்கம் கண் திரும்பியது. 1960களில்தான் வைரஸில் இரண்டு வகை உண்டு என்பது தெளிவானது.

பிறகு வருகிறது 1982. அமெரிக்காவின் டைம் இதழ் அந்த ஓகஸ்டில் ஹெர்பீஸை அட்டைப்படக் கட்டுரையாகப் போட்டது. நடத்தை கெட்டவள் என்று ஊர் ஒரு பெண்ணின் உடுப்பில் குத்தி வைக்கிற சிவப்பு எழுத்து பற்றி அமெரிக்கர்களுக்கு ஒரு பழைய நாவல் உண்டு. அந்த எழுத்தின் புது வடிவம் ஹெர்பீஸ் என்பதுதான் தலைப்பின் அர்த்தம். அதற்கு முன்னால் தொல்லை பிடித்த ஒரு தோல் வியாதியாக இருந்தது, ஒரே கோடையில் தண்டனை ஆகிவிட்டது. நீங்கள் இன்றைக்கு இணையத்தில் பார்க்கிற அருவருப்பு ஜோக்குகளில் பாதி அந்தக் காலத்தின் பிள்ளைகள்.

இதை வைத்து ஒரு கதை சுற்றுகிறது: மருந்துக் கம்பெனிதான் இந்த வெட்கத்தையே உண்டாக்கியது என்று. அசைக்ளோவிர் என்ற மருந்து அமெரிக்காவில் களிம்பாக அனுமதி பெற்றது அதே 1982இல், வாயால் எடுக்கிற வடிவில் 1985இல். தயாரித்தது பரோஸ் வெல்கம் கம்பெனி. அந்தக் காலத்தில் அதன் ஆய்வுப் பிரிவை நடத்திய பெட்ரோ குவாட்ரேகாசாஸ் பிறகு எழுதியதில், இந்த மருந்துக்குச் சந்தையே இல்லை என்று கம்பெனியின் விற்பனைப் பிரிவு அடித்துச் சொன்னதாகக் குறிப்பிடுகிறார். ஆகவே விளம்பரம் நோயின் பேரைப் பெரிதாக்கியது என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் முழுப் பழியையும் கம்பெனியில் போடுகிற ஆள் 1867ஐ மறந்த ஆள் என்றுதான் நான் சொல்வேன். வெட்கம் தயாராகவே இருந்தது. புதுசாக ஒரு நோய் கிடைத்ததும் அதன் மேல் போய் உட்கார்ந்தது.

அந்த மருந்துக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருத்தர் கெர்ட்ரூட் எலியன். பெண் என்பதால் தொடக்கத்தில் ஆய்வுகூட வேலையே கிடைக்காமல் அலைந்தவர், முனைவர் பட்டப் படிப்பை முடிக்காதவர். 1988இல் நோபல் பரிசு வாங்கினார். அசைக்ளோவிரின் சூட்சுமம் அழகானது. அது உடம்புக்குள் பூட்டின பூட்டு மாதிரிப் போகும். அதைத் திறக்கிற சாவி பெரும்பாலும் வைரஸ் புகுந்த கலத்தில்தான் இருக்கும், ஏனென்றால் அந்தச் சாவி வைரஸுடையதே. அதனால் நல்ல கலங்களுக்குப் பாதிப்பு குறைவு. வைரஸ் நரம்பு முடிச்சில் ஒளிந்துகொண்டிருக்கும் போது மருந்தால் அதைத் தொட ஏலாது, வெளியே வந்து பெருகும் போதுதான் பிடிக்கும். ஆகவே முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் புண் சீக்கிரம் ஆறும், அடிக்கடி வருவது குறையும். இத்தனை வருசம் கழித்தும் இதுதான் முதல் மருந்து.

எய்ட்ஸ் வந்ததும் ஹெர்பீஸ் மறுபடி பின்னால் போனது. ஆனால் எங்கே முதலில் தேடினார்கள் என்று கவனியுங்கள். 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். யாருடைய இரத்தத்தில்? பாலியல் தொழில் செய்ததாகப் பிடித்துக் காப்பகத்தில் வைத்திருந்த பெண்களின் இரத்தத்தில். 119 வருசம் கழித்தும் அடைத்து வைக்கப்பட்ட பெண்ணின் கைதான் முதலில் நீட்டப்பட்டது. அந்த ஆய்வு பல உயிரைக் காப்பாற்றியது, சாலமன் பிறகு வாழ்நாள் முழுக்க நோயாளிகள் பக்கம் நின்றார். அவர்கள் மேல் குறை சொல்லவில்லை. சமூகம் பெண்களை எங்கே கொண்டுபோய் வைத்திருந்ததோ, அங்கேதான் விஞ்ஞானமும் போக வேண்டியிருந்தது.

இனி இன்றைய கணக்கு. உலக சுகாதார அமைப்பின் அண்மைய மதிப்பீட்டில், 15க்கும் 49க்கும் இடைப்பட்ட வயதினரில் சுமார் 84 கோடி 60 லட்சம் பேருக்குப் பிறப்புறுப்பு ஹெர்பீஸ் தொற்று இருக்கிறது. ஐந்து பேரில் ஒருத்தருக்கு மேல். கலஹாவிலிருந்து கண்டிக்குப் போகிற பஸ்ஸில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலானோருக்கு அறிகுறியே இல்லை, அல்லது பூச்சிக்கடி, சேற்றுப்புண் என்று நினைத்துக் கடந்து போகிறார்கள். இலங்கையின் பாலியல் நோய்க் கிளினிக்குகளில் கூடுதலாகக் காணப்படுகிற தொற்றுகளில் இதுவும் ஒன்று. ‘எனக்கு மட்டும்தான்’ என்பது இந்த நோயின் பெரிய பொய்.

வாழ்க்கை நடத்துவது எப்படி என்று வந்தால், முதல் தடவைதான் கஷ்டம். காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டுதல், மூத்திரம் போகும் போது உயிர் போகிற எரிச்சல் எல்லாம் வரலாம். இரண்டிலிருந்து நாலு வாரத்தில் ஆறிவிடும். திரும்ப வரும் தடவைகள் சின்னதாக, குறுகினதாக இருக்கும், வருசம் போகப் போக எண்ணிக்கையும் குறையும். வருவதற்கு முதல் நாள் பலருக்கு அந்த இடத்தில் ஒரு குறுகுறுப்பு, ஊசி குத்தல் தெரியும். அப்போதே மாத்திரையைத் தொடங்கினால் பலன் கூட. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவுவது, தளர்வான பருத்தி உள்ளாடை, எரிச்சல் நேரத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மூத்திரம் போவது, இவ்வளவும் காசில்லாத வைத்தியம். கொழுந்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு விசயம் கூடுதல்: மழையில் நனைந்து, படங்குக்கு உள்ளே ஈரத் துணி நாள் முழுக்க உரசினால் புண் ஆறாது. மாற்றுத் துணி ஒன்று கையில் இருப்பது உதவும். பச்சிலைக் கட்டு, எலுமிச்சம்புளி, பற்பசை எதையும் போட வேண்டாம்.

பொதுப் பைப், பொதுக் கழிப்பறை, ஒரே கயிற்றில் காய்கிற துணி, இவற்றால் பரவுமோ என்ற பயம் லயங்களில் உண்டு. பரவாது. தோலோடு தோல் உரசினால்தான் பரவும். உதட்டில் கொப்புளம் இருக்கிறவர் வாய்வழி உறவு கொண்டாலும் பரவும். புண் இல்லாத நாளிலும் சில நேரம் பரவலாம். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முற்றாக நிறுத்தாது, அது மூடாத தோலும் இருக்கிறதே. தினம் ஒரு மாத்திரை எடுத்தால், துணைக்குப் போகும் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகும் என்று கிட்டத்தட்ட 1500 ஜோடிகளை வைத்துச் செய்த ஆய்வு 2004இல் காட்டியது. இரண்டாம் வகை இருந்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடுகிறது, ஆகவே அந்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்துகொள்வது நல்லது.

கண்டியில் அரசாங்கத்தின் பாலியல் நோய்க் கிளினிக் இருக்கிறது. இலவசம். வேறு டாக்டரின் கடிதம் தேவையில்லை. கல்யாணம் ஆனதா என்பது மருந்து கொடுப்பதற்கு நிபந்தனை இல்லை. புண் இருக்கும் போதே போங்கள், அப்போதுதான் அதிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்க முடியும். தனியார் ஆய்வுகூடத்தில் காசு கட்டி இரத்தப் பரிசோதனை செய்து குழம்பினவர்கள் உண்டு. எப்போ தொற்றியது, யாரிடமிருந்து என்பதை அந்தப் பரிசோதனை சொல்லாது.

இந்தக் கடைசி விசயத்தில்தான் குடும்பங்கள் உடைகின்றன. கொப்புளம் இன்றைக்கு வந்தது என்றால் தொற்றும் போன கிழமை வந்தது என்று அர்த்தமில்லை. வைரஸ் வருசக் கணக்கில் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு முதல் தடவையாக வெளியே வரலாம். கொழும்புக் கடையில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு வந்த கணவன், குவைத்திலிருந்து திரும்பின மனைவி, இவர்களில் ஒருத்தருக்குப் புண் வந்தால் ஊரே தீர்ப்பு எழுதிவிடும். அனேகமாக மனைவிக்கு எதிராக. அந்தத் தீர்ப்புக்கு மருத்துவத்தில் ஆதாரமே இல்லை. 1867இன் சட்டத்தில் வேண்டுமானால் இருந்தது.

கர்ப்பமாக இருக்கும் பெண் மட்டும் இதை மறைக்கவே கூடாது. பிரசவத்துக்குக் கிட்டின மாதங்களில் முதல் தடவையாகத் தொற்று வந்தால் பிள்ளைக்கு ஆபத்து. வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் ஒப்பரேசன் செய்து பிள்ளையை எடுப்பார்கள். முன்னாடியே இருக்கிற தொற்று என்றால் ஆபத்து மிகக் குறைவு, கடைசி வாரங்களில் மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் போவதை ஒழித்த நாடு என்று இலங்கையை உலக சுகாதார அமைப்பு 2019இல் அங்கீகரித்தது. வீடு வீடாக வருகிற மிட்வைஃப்மாரின் வேலை அதில் பெரிய பங்கு. அவரிடம் சொல்லலாம்.

துணையிடம் எப்படிச் சொல்வது? தமிழில் இதற்குச் சொற்கள் குறைவு. பாலியல் நோய் என்று தொடங்கினால் எதிரில் இருப்பவருக்குப் போலீஸ் ஞாபகம் வருகிறது. நான் கேட்டதில் நல்லதாகப் பட்ட ஒரு வசனம், கட்டிக்கப் போறவனிடம் ஒரு பிள்ளை சொன்னது: “எனக்குக் கீழ அக்கி மாதிரி வரும், வருசத்துல ரெண்டு மூணு தரம். மருந்து இருக்கு. வர்ற நேரம் நான் சொல்லுவேன். உனக்கும் வரலாம், டாக்டர்கிட்ட ரெண்டு பேருமா போய்க் கேப்போம்.” அவன் முதலில் கேட்டது, வலிக்குமா என்றுதானாம்.